மேடையில் நான் உட்கார்ந்த இடம்

என் பெயர் ஷோபனா. வயது இருபத்தாறு. தகப்பனார் பெயர் கண்ணாயிரம். கண்ணமங்கலத்தில் பெருமாள் கோயில் பின்தெருவில் எங்கள் வீடு இருக்கிறது. ஜவ்வாது மலையில் வேங்கைமரத்தூர் உண்டு உறைவிடப் பள்ளியில் தற்காலிக உடற்கல்விப் பயிற்றுநராக வேலை பார்த்து வந்தேன். "வந்தேன்" என்று எழுதுவதா, "வருகிறேன்" என்று எழுதுவதா என்பதைத் தலைமையாசிரியர்தான் சொல்ல வேண்டும். பள்ளிக்குள் வரக் கூடாது என்று போனில் சொன்னாரே தவிர, இதுவரை எழுத்தில் எதுவும் தரவில்லை. எனக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியும். காவல் உதவி ஆய்வாளர் திருமதி ரேணுகாதேவி அவர்கள் கேட்க, நான் சொல்வது இதில் எழுதப்படுகிறது.

மலை விழாக் குழுச் செயலாளர் கோபால்சாமி என்பவர் கொடுத்திருக்கும் புகார் எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. விழா மேடையில் அத்துமீறி ஏறி நிகழ்ச்சியைத் தடுத்தேன் என்றும், அவரைக் கீழே தள்ளினேன் என்றும், பலர் முன்னிலையில் அவரை மாடு என்று திட்டினேன் என்றும் அதில் இருக்கிறது. மேடை ஏறியது உண்மை. அங்கே உட்கார்ந்ததும் உண்மை. தள்ளியதாகச் சொல்வது பொய். மாடு என்ற சொல் என் வாயிலிருந்துதான் வந்தது, யாரைப் பற்றி வந்தது என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன். தள்ளினீர்களா இல்லையா, அதை மட்டும் சுருக்கமாகச் சொல்லுங்கள் என்று கேட்கப்பட்டது. புகார் கொடுத்தவர் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார், நான் மட்டும் ஏன் சுருக்க வேண்டும் என்று கேட்டேன். அதன் பிறகு முதலிலிருந்து சொல்ல அனுமதி கொடுக்கப்பட்டது.

தேவயானி என்ற மாணவி எங்கள் பள்ளியில் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். அவள் ஊர் மேல்சாமைக்கொல்லை. தகப்பனார் தீர்த்தகிரி, தாயார் வடிவு. சாமை விதைப்பதும் புளி உலுக்குவதும் அவர்கள் பிழைப்பு. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், விடுதித் தாழ்வாரத்தில் இந்தப் பிள்ளை தலைகீழாகக் கைகளால் நடந்து போவதைப் பார்த்தேன். யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று கேட்டதற்கு, யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, சும்மா நடந்தேன் என்றாள். நான் நாலாம் வகுப்பிலிருந்து வேலூரில் ஜிம்னாஸ்டிக்ஸ் பழகி, பல்கலைக்கழக அணி வரை ஆடியவள். அந்த மாதிரி உடம்பு வாய்ப்பது அபூர்வம் என்பது பார்த்தவுடன் எனக்குத் தெரிந்தது. அதன் பிறகு பள்ளி விட்டதும் தினமும் அவளுக்குப் பயிற்சி கொடுத்து வந்தேன். இதற்குத் தலைமையாசிரியர் ராஜேஷ் சாருடைய அனுமதி இருந்தது. பெற்றோரும் சம்மதித்துத்தான் அனுப்பினார்கள்.

இந்தக் கல்வியாண்டு தொடங்கியதும் பேக் ஹேண்ட்ஸ்பிரிங் என்ற பயிற்சியை ஆரம்பித்தோம். அது குட்டிக்கரணம்தானே என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். இல்லை. நின்ற இடத்திலிருந்து பின்பக்கமாகத் தாவி, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி, கைகளாலேயே தரையைத் தள்ளி மறுபடி காலில் வந்து நிற்பது. போய் விழும் இடத்தைக் கண்ணால் பார்க்காமலே போக வேண்டும். ஒரு நொடி உடம்பின் எடை முழுவதும் கைகளில் இறங்கும். முழங்கை நேராக இருந்தால் தரையே ஆளைத் தூக்கி நிறுத்திவிடும். முழங்கை மடங்கினால் அடுத்துத் தரையில் படுவது தலை, அதன் பிறகு எடையெல்லாம் கழுத்தில். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால் நான் ஏன் அங்கே உட்கார்ந்தேன் என்பது தானாகப் புரியும்.

தேவயானிக்குப் பயம் கிடையாது. அவளிடம் இருந்த சிக்கலே அதுதான். பின்னால் தாவுவதற்குப் பதிலாக மேலே குதிப்பாள். போகும் இடத்தைப் பார்க்கும் ஆசையில் தலையை முதலில் பின்னால் வெட்டுவாள். இரண்டும் சேர்ந்தால் கை உடம்புக்குப் பக்கத்திலேயே விழும், முழங்கை மடங்கிவிடும். முட்டி இரண்டும் அகலும். இதை வாயால் சொல்லித் திருத்த முடியாது. சுவரைப் பார்த்துக் கைகளில் நிற்க வைத்து, தோள் காதைத் தொடும் வரை தரையைத் தள்ளச் சொன்னேன். நாற்காலி இல்லாமல் நாற்காலியில் உட்காருவது போல உட்கார வைத்து, அப்படியே பின்னால் அடுக்கிய மெத்தையில் சாயச் சொன்னேன். மேலே குதிக்கிற பழக்கம் அதில்தான் குறைந்தது. பஞ்சர் கடையில் கேட்டு வாங்கிய டிராக்டர் டியூபில் முதுகைச் சாய்த்து, கை தரைக்குப் போகிற பாதையைப் பழக்கினேன். முட்டிகளுக்கு நடுவே ஒரு துண்டை மடித்து வைத்தேன். துண்டு விழுந்தால் அந்தத் தாவல் கணக்கில் சேராது. பள்ளிச் சமையல்கூடத்துக்குப் பின்னால் புல் முளைத்த சரிவு ஒன்று இருக்கிறது. அங்கே மெத்தை போட்டு, சரிவு இறங்கும் பக்கமாகத் தாவச் சொன்னேன். ஒவ்வொரு தாவலுக்கும் என் ஒரு கை அவள் இடுப்புக்கு மேலே முதுகிலும், இன்னொரு கை தொடைக்குப் பின்னாலும் இருக்கும்.

"மிஸ், கைய எடுங்க மிஸ். நானே போடுவேன்" என்று தினமும் கேட்பாள். இப்போது இல்லை என்று நானும் தினமும் சொல்வேன். பல தடவை கை நேராக இருக்கும். களைத்துப் போனாலோ அவசரப்பட்டாலோ மடங்கும். எப்போது மடங்கும் என்று அவளுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அது தெரிகிற வரை பிடித்த கையை எடுக்கக் கூடாது என்பதுதான் இந்த வேலையின் முதல் சட்டம். எனக்கு அந்தச் சட்டமும் தெரியும், அதை மீறினால் என்ன ஆகும் என்பதும் தெரியும்.

இப்படி இருக்கையில், விழாவில் ஆடுவதற்குப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்கக் கோபால்சாமி பள்ளிக்கு வந்தார். சரிவில் நாங்கள் பழகுவதைப் பார்த்துவிட்டு, தன் போனில் படம் எடுத்தார். இதை மேடையில் போட வைக்கலாம் என்று தலைமையாசிரியரிடம் கேட்டார். என்னையும் அழைத்தார்கள். கைகளில் நிற்பாள், சக்கரம் சுற்றுவாள், பாலம் போல் வளைவாள், இதெல்லாம் தாராளமாகச் செய்யட்டும், பின்னால் தாவுவது மட்டும் கூடாது, இன்னும் அது வரவில்லை என்று சொன்னேன். தலைமையாசிரியர், "சரிம்மா, நான் பேசிக்கிறேன்" என்றார்.

அதன் பிறகு ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் விழா பேனர் கட்டினார்கள். ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அதைப் பார்த்தேன். தேவயானி ஆகாயத்தில் தலைகீழாக இருந்தாள், "ஜவ்வாது மலையின் பறக்கும் சிறுமி" என்று கீழே எழுதியிருந்தது. அது சரிவில் எடுத்த படம்தான். அந்த நேரத்தில் என் இரண்டு கைகளும் அவள் மேல் இருந்தன. பேனரில் அவை இல்லை. என் கைகளை அழித்துவிட்டு அந்த இடத்தில் மேகம் வரைந்திருந்தார்கள். தலைமையாசிரியரிடம் போய்ச் சொன்னேன். "பேனர்தானேம்மா, அதுல போட்டதெல்லாம் நடக்கவா போவுது" என்று சிரித்தார். நான் அதை நம்பினேன்.

விழா அன்று காலை, கூட்டம் வருவதற்கு முன்பே மைதானத்துக்குப் போனேன். முந்தின இரவு நல்ல மழை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை அடுக்கி, அதன் மேல் பச்சைக் கார்ப்பெட்டை விரித்திருந்தார்கள். ஓரத்தில் ஆணி எதுவும் அடிக்கவில்லை. அடியில் பலகை ஈரமாக இருந்ததால், காலை வைத்துத் தேய்த்தால் கார்ப்பெட் என்னோடு நகர்ந்தது. நடுவில் ஒரு பலகை அமுங்கியது. குனிந்து பார்த்தால் கீழே செங்கல் வைத்து முட்டுக் கொடுத்திருந்தார்கள். கோபால்சாமி அங்கேதான் ஒலிபெருக்கிக்காரரோடு பேசிக்கொண்டிருந்தார். அவரை அழைத்து வந்து காலால் நகர்த்திக் காட்டினேன். இதன் மேல் சக்கரம் சுற்றுவதுகூட மெதுவாகத்தான் சுற்ற வேண்டும் என்றேன்.

"சரி மேடம், சக்கரம் மட்டும் சுத்தட்டும். நாங்க இன்னா புள்ளைங்கள கொல்லவா கூட்டியாந்தோம்" என்றார்.

இதை அவர் சொல்லும்போது எங்கள் பள்ளிச் சமையலர் ஜெயம்மாள் பக்கத்தில் இருந்தார். அவரைக் கேட்டுக்கொள்ளலாம்.

மதியத்துக்குப் பிறகு சிறப்பு விருந்தினர் வந்தார். பிள்ளைகளுக்கு மினுமினுக்கிற உடையை விழாக் குழுவே கொடுத்தது. தேவயானிக்குக் கொடுத்தது அளவில் பெரியது. கைப்பகுதி உள்ளங்கையை மூடியது. நான் அதை மடித்து ஊசி நூலால் தைத்துவிட்டேன். தைக்கும்போது அவள் எதுவும் பேசவில்லை. வழக்கமாக அவள் வாயை மூட முடியாது. படபடப்பாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அதற்கு முன்னால் நான் மற்றப் பிள்ளைகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் கோபால்சாமி, தீர்த்தகிரியையும் தேவயானியையும் மேடைக்குப் பின்னால் அழைத்துப் பேசியிருக்கிறார். ஓடி வந்து போட்டால்தான் நன்றாக இருக்கும், விருந்தினர் ஒரு தடவை பார்த்துவிட்டால் விளையாட்டு விடுதியில் இடம் நிச்சயம் என்று சொல்லியிருக்கிறார். டீச்சரிடம் சொல்ல வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறார். இதைப் பின்னால் தீர்த்தகிரியே என்னிடம் சொன்னார்.

ஓடி வந்து பக்கவாட்டில் ஒரு சக்கரம் சுற்றி, அதே வேகத்தில் நிற்காமல் பின்னால் தாவுவதை நாங்கள் ஒரு தடவைகூடப் பழகியதில்லை. நின்று தாவுவதற்கே நான் கையை எடுக்காத பிள்ளை அவள்.

அறிவிப்பாளர் பறக்கும் சிறுமி என்று சொல்லி, "இப்போது உங்கள் கண் முன்னால் பின்னோக்கிப் பறப்பாள்" என்றார். நான் மேடைப் படிக்கட்டருகே நின்றிருந்தேன். தேவயானி மேடையின் ஒரு கோடியில் போய் நின்றாள். என்னை ஒரு தரம் பார்த்தாள். உடனே பார்வையை மாற்றி முன்வரிசையில் உட்கார்ந்திருந்த அப்பாவைப் பார்த்தாள். எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. கோபால்சாமி படிக்கட்டின் மேல் நின்றார். நிறுத்துங்கள் என்று சொன்னேன். கேட்காத மாதிரி இருந்தார். நானாவது பக்கத்தில் நின்று பிடிக்கிறேன் என்று கேட்டேன்.

"நீங்க நின்னா ஃபோட்டோல நீங்கதான் தெரிவீங்க மேடம். ஒரு நிமிசம், முடிஞ்சிடும்" என்றார்.

அறிவிப்பாளருக்குக் கையைக் காட்டினேன். அவர் விருந்தினரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பாட்டு போட்டுவிட்டார்கள். நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை. தேவயானி கைகளை மேலே தூக்கினாள். தூக்கும்போதே முழங்கைகள் லேசாக மடங்கியிருந்தன. நான் மடித்துத் தைத்த கைப்பகுதி பிரிந்து மறுபடி உள்ளங்கைக்கு வந்திருந்தது.

அதன் பிறகு நான் கோபால்சாமியைத் தாண்டி மேடை ஏறினேன். அவரைத் தொடவில்லை, படியில் இடம் இருந்தது. அவள் ஓடி வந்து தாவினால் கைகள் எங்கே வந்து ஊன்றுமோ அந்த இடத்துக்குப் போய், அவளைப் பார்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன்.

பிள்ளையைப் பிடித்து நிறுத்தியிருக்கலாமே என்று உதவி ஆய்வாளர் கேட்டார்கள். கிளம்பிவிட்ட பிள்ளையை நடுவில் பிடித்தால் பிடித்தவர்தான் அவள் எலும்பை உடைப்பார். கிளம்புவதற்கு முன்னால் போய் இழுத்திருந்தால், மாணவியை மேடையில் அடித்தேன் என்று இன்றைக்கு எழுதியிருப்பார்கள். அவளைத் தொடாமல் தடுப்பதற்கு எனக்கு அந்த ஒரு வழிதான் தெரிந்தது. அவள் என் மேல் வந்து விழமாட்டாள் என்பது எனக்குத் தெரியும்.

முதலில் கூட்டம் இதுவும் நிகழ்ச்சி என்று நினைத்துக் கை தட்டியது. தேவயானி ஓடவில்லை. மெதுவாக நடந்து எனக்குப் பக்கத்தில் வந்தாள். "எழுந்திரிங்க மிஸ்" என்றாள். அங்கே மைக் இருந்தது. அது மைதானம் முழுவதும் கேட்டது, கூட்டம் சிரித்தது. நான் தலையை ஆட்டினேன். "எழுந்திரிங்க மிஸ், எங்கப்பா பாத்துக்கினு இருக்காரு" என்றாள். இந்தத் தடவை குரல் உடைந்திருந்தது. நான் எழுந்திருக்கவில்லை. கோபால்சாமி என்னைப் பற்றி எழுதியிருப்பது எதுவும் என்னை அவ்வளவாகத் தைக்கவில்லை. அந்தப் பிள்ளை அப்படிக் கேட்டும் நான் அசையாமல் உட்கார்ந்திருந்தது இன்னும் தைக்கிறது. இதையும் எழுதிக்கொள்ளும்படி கேட்டுக்கொண்டேன்.

அதன் பிறகு கோபால்சாமி வந்தார். "ஒரு குட்டிக்கரணத்துக்கு இன்னாம்மா இவ்ளோ சீன் காட்ற. எழுந்து போ" என்றார். அதுவரை மேடம் என்றவர் அப்போதுதான் ஒருமையில் பேசினார். நான், "இன்னா சார், மாடா அது, ஓட்டிக்கினு வந்து காட்டறதுக்கு" என்றேன். மாடு என்ற சொல் வந்தது இந்த இடத்தில்தான். பிள்ளை மாடு இல்லை என்று சொன்னேன். அதைத் தனக்குச் சொன்னதாக அவர் எடுத்துக்கொண்டால் அதற்கு நான் பொறுப்பல்ல.

அவர் குனிந்து என் தோளுக்குக் கீழே பிடித்து இழுத்தார். நான் இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தேன். மறுபடி இழுத்தார். அவர் காலடியில் கார்ப்பெட் சுருண்டு நகர்ந்தது. நான் காலையில் காலால் நகர்த்திக் காட்டிய அதே கார்ப்பெட். அது சறுக்கியதில் அவர் மல்லாந்து விழுந்தார். விழுந்தவருக்கு நடக்கத் தெரியாமல் இல்லை, ஷூ போட்டிருந்தார், சும்மா நின்றுதான் இழுத்தார், அவரையே அது சறுக்க வைத்துவிட்டது. ஓடி வந்து தலைகீழாகப் போகிற பிள்ளையை என்ன செய்திருக்கும் என்று இதுவரை ஒருவரும் அவரைக் கேட்கவில்லை. நான் தள்ளினேனா என்றுதான் என்னைக் கேட்கிறார்கள்.

எல்லார் போனிலும் சுற்றுகிற வீடியோ அவர் விழுகிற இடத்தில்தான் ஆரம்பிக்கிறது. ஜெயம்மாள் தன் போனில் ஆரம்பத்திலிருந்து எடுத்திருக்கிறார். பிள்ளையைப் படம் எடுக்கத்தான் எடுத்தார். அதில் என் கைகள் இருக்கும் இடம் தெரிகிறது. அதை வாங்கிப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

அதன் பிறகு இரண்டு பேர் வந்து என்னை எழுப்பிக் கீழே இறக்கினார்கள். விருந்தினர் கிளம்பிப் போனார். தேவயானி மேடையிலிருந்து இறங்கி அப்பாவிடம் போனாள். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. இன்றைக்கு என் மேல் இருக்கிற குற்றமே அதுதான். தலைமையாசிரியர் கேட்டார், விழாக் குழுவினர் கேட்டார்கள், இந்த நிலையத்திலும் கேட்டார்கள், "ஒண்ணும் ஆவலையே, அப்புறம் இன்னாத்துக்கு இப்படிப் பண்ணீங்க" என்று. ஏதாவது ஆகியிருந்தால், பக்கத்தில் இருந்தும் ஏன் தடுக்கவில்லை என்று என்னைத்தான் இதே நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்டிருப்பார்கள். தடுத்ததால் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் தடுத்தது தப்பு என்கிறார்கள். இந்தக் கணக்கு எனக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் யாராவது எனக்கு விளக்கினால் நன்றாக இருக்கும்.

மறுநாள் தலைமையாசிரியர் போன் செய்து, பள்ளி வளாகத்துக்குள் வர வேண்டாம் என்றார். நான் தங்கியிருந்த அறையின் சாவியை ஜெயம்மாளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணமங்கலம் வந்துவிட்டேன். கோபால்சாமியின் புகாரில் தீர்த்தகிரி சாட்சியாகக் கையெழுத்துப் போட்டிருப்பதை ஜெயம்மாள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அந்த மனிதர் ஒவ்வொரு தடவை பிள்ளையைப் பார்க்க வரும்போதும் எனக்கென்று ஒரு பையில் புளி கொண்டுவந்து கொடுப்பவர். அன்று நான் சாப்பிடவில்லை.

சில நாட்களுக்குப் பிறகு, காலையில் தீர்த்தகிரி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். மலையிலிருந்து முதல் பேருந்தில் இறங்கி, விசாரித்துக்கொண்டே வந்திருந்தார். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை, செருப்பைக்கூடக் கழற்றாமல் வெளியிலேயே நின்று பேசினார். விழாவுக்குப் பிறகு பெற்றோர் கோபத்தில் தேவயானியை வீட்டுக்கு அழைத்துப் போயிருக்கிறார்கள். பள்ளி மெத்தையும் இல்லை, பிடிக்க ஆளும் இல்லை. அவள் தினமும் சாமை அடிக்கிற களத்தில் தனியாகப் பழகியிருக்கிறாள்.

"சாம வைக்கோல பரப்பிட்டு போட்டுக்கினு இருந்துச்சி டீச்சரம்மா. நான் மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருந்தேன். கையி மடங்கறத பாத்தேன். தல நேரா தரையில குத்திச்சி. ஒரு சத்தம் இல்ல. அப்பிடியே குந்திக்கினு இருக்குது, அழவும் இல்ல, கழுத்த திருப்பவும் முடியல. அன்னிக்கி நீங்க இன்னாத்துக்கு அங்க போயி குந்தினீங்கன்னு அப்பதான் எனக்குத் தெரிஞ்சிச்சி" என்றார்.

அவரும் வடிவும் பிள்ளையை நடுவில் உட்கார வைத்து, வண்டியில் ஒடுகத்தூருக்குக் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார்கள். எலும்பு முறியவில்லை, நரம்பு பிசகியிருக்கிறது என்று சொல்லி, கழுத்துப் பட்டை போட்டு அனுப்பியிருக்கிறார்கள். இன்னும் கொஞ்சம் வேகமாக விழுந்திருந்தால் பிள்ளை கையும் காலும் வராமல் படுத்த படுக்கையாகியிருக்கும் என்று அங்கே சொன்னார்களாம். அதைச் சொல்லும்போது தீர்த்தகிரி என் முகத்தைப் பார்க்கவில்லை.

"பட்டைய அவுத்ததும் மறுபடி போடுவேன்னு சொல்லுது. அடிச்சிப் பாத்துட்டேன், கேக்கல. வந்து புடிங்க டீச்சரம்மா" என்றார்.

கையெழுத்துப் போட்டதைப் பற்றி நான் கேட்கவில்லை. அவராகவே, வெள்ளைத் தாளில் போடச் சொன்னார்கள், எழுதியதை யாரும் படித்துக் காட்டவில்லை என்றார்.

மருத்துவர் பழகலாம் என்று சொன்ன பிறகு நான் மலைக்குப் போனேன். மேல்சாமைக்கொல்லையில் அவர்கள் உறவினர் வீட்டில் தங்கியிருக்கிறேன். தேவயானி முதலில் என்னோடு பேசவில்லை. நான் சொன்னதைச் செய்தாள், முகத்தை மட்டும் திருப்பிக்கொண்டாள். மறுபடி சுவரிலிருந்து ஆரம்பித்தோம். நாற்காலி இல்லாமல் உட்காருவது, பின்னால் சாய்வது, முட்டியில் துண்டு, எல்லாம் மறுபடி. வடிவு தலையணை உறைகளில் வைக்கோல் அடைத்துத் தைத்துக் கொடுத்தார். ஒரு நாள் பயிற்சி முடிந்து கை கழுவும்போது தேவயானி தானாகப் பேசினாள்.

"மிஸ், அன்னிக்கி மேடையில போட்டிருந்தா கையி மடங்கியிருக்குமா?"

"தெரியாது" என்றேன்.

"தெரியாமயா வந்து குந்தினீங்க?"

"தெரியாததாலதான் குந்தினேன்."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். அதன் பிறகு, தலையை ஏன் முதலில் வெட்டுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை மிஸ், அதற்கு என்ன செய்வது என்று கேட்டாள். பறக்கும்போது கைப் பெருவிரல்களைப் பார்த்துக்கொண்டே போ, கை எங்கே போகிறதோ தலையும் அதோடு போகட்டும், முந்தக் கூடாது என்று சொன்னேன். நேற்று மாலை அவள் போட்ட கடைசித் தாவலில் கை மடங்கவில்லை. துண்டும் விழவில்லை. முதுகுக்குக் கீழே என் கை இருந்தது, ஆனால் அதில் எடை விழவில்லை. இறங்கி நின்றதும் நல்லா இருந்ததா என்று அவள் கேட்கவில்லை. அவளுக்கே தெரிந்திருந்தது. அதற்காகக் கையை எடுத்துவிடப் போகிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். இன்னும் நாள் இருக்கிறது.

தீர்த்தகிரி சென்ற வாரம் இந்த நிலையத்துக்கு வந்து, தான் போட்ட கையெழுத்தை மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். போட்டது போட்டதுதான் என்று திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். படிக்காமல் வாங்கிய கையெழுத்து செல்லும், பார்த்ததைச் சொல்ல வந்தால் செல்லாது என்றால் அதையும் எனக்கு எழுத்தில் தர வேண்டும். அவருடைய வாக்குமூலத்தைப் புதிதாகப் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பிள்ளையை நிலையத்துக்கு அழைக்க வேண்டாம், தேவையானால் வீட்டுக்குப் போய்க் கேட்கவும்.

தலைமையாசிரியர் நேற்று ஒரு செய்தி அனுப்பினார். உணர்ச்சிவசப்பட்டு நடந்துகொண்டேன், வருந்துகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் கோபால்சாமி புகாரைத் திரும்பப் பெறுவார், வேலையும் கிடைக்கும் என்று சொல்லியிருக்கிறார். நான் உணர்ச்சிவசப்படவில்லை. அந்த மைதானத்தில் அன்று கார்ப்பெட்டைக் காலால் தேய்த்துப் பார்த்தவள் நான் ஒருத்திதான். விருந்தினர் நேரம் வீணானதற்கு வருத்தம் தெரிவிக்கச் சொன்னால் தெரிவிக்கிறேன். உட்கார்ந்ததற்கு வருத்தம் எழுதித் தரமாட்டேன். பள்ளிக்குள் போகக் கூடாது என்றார்கள், போகவில்லை. தீர்த்தகிரியின் களம் பள்ளியைச் சேர்ந்ததல்ல. அங்கே போய் அவருடைய பிள்ளையைப் பிடிப்பதும் குற்றம் என்றால், இருக்கிற குற்றங்களோடு அதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அடுத்த விசாரணைக்கு எப்போது கூப்பிட்டாலும் வருகிறேன். மாலையில் மட்டும் கூப்பிட வேண்டாம். மாலையில் எனக்கு வேலை இருக்கிறது.

இதில் கண்டவை நான் சொன்னவை, என் கண் முன்னே நடந்தவை. நான் நேரில் பார்க்காதவற்றை யார் சொல்லி அறிந்தேன் என்பதையும் சொல்லியிருக்கிறேன். எழுதி முடித்ததை வாங்கி நானே படித்தேன். ஓரிடத்தில் "தள்ளியதில்" என்று இருந்தது. அதை அடித்து "சறுக்கியதில்" என்று திருத்தி, பக்கத்தில் என் சுருக்கொப்பம் வைத்த பிறகு, உண்மை என ஒப்புக்கொண்டு கையெழுத்திடுகிறேன்.

(ஒப்பம்) க. ஷோபனா

என் முன்னிலையில் சொல்லப்பட்டு, என்னால் எழுதப்பட்டு, சொன்னவரே படித்துத் திருத்தியது.

(ஒப்பம்) ரேணுகாதேவி
உதவி ஆய்வாளர்